இரண்டடுக்கு ராக்கெட்: கட்டுவதும் ஏவுவதும்

ஓரடுக்கு மாதிரி ராக்கெட்டை நீங்களே கட்டி, ஏவி, பத்திரமாகத் திரும்ப எடுத்துவந்த அனுபவம் உங்களுக்கு உண்டு என்ற நம்பிக்கையில்தான் இந்த அத்தியாயத்தைத் தொடங்குகிறேன். அந்த அனுபவம் இல்லாதவர்கள் முந்தைய அத்தியாயங்களை முடித்துவிட்டு வாருங்கள். இரண்டடுக்கு என்பது ஓரடுக்கின் பெரிய வடிவம் அல்ல. இதில் புதிதாக ஓர் ஆபத்து சேர்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் பசையைக் கையில் எடுக்கக் கூடாது.

ஓரடுக்கு ராக்கெட்டில் மோட்டார் பற்றும் நேரத்தில் ராக்கெட் ஏவுகம்பியில் நிற்கிறது. அது எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது முழுக்க நம் கையில் இருக்கிறது. இரண்டடுக்கில் இரண்டாவது மோட்டார் ஆகாயத்தில் பற்றுகிறது. அந்த நொடியில் மூக்கு வானத்தைப் பார்த்தால் ராக்கெட் வானத்துக்குப் போகும். பக்கத்து வீட்டுக் கூரையைப் பார்த்தால் கூரைக்குப் போகும். மோட்டாருக்குத் திசை தெரியாது. இந்த அத்தியாயத்தில் எடை, துடுப்பு, டேப், காற்று என்று நான் சொல்லப்போவது எல்லாமே ஒரே நோக்கத்துக்காகத்தான்: இரண்டாவது மோட்டார் பற்றும்போது ராக்கெட் செங்குத்தாக இருக்க வேண்டும்.

எரிந்து முடிந்த பகுதியைச் சுமந்துகொண்டு ஏன் பறக்க வேண்டும் என்ற கேள்வியிலிருந்து பிறந்ததுதான் அடுக்கு முறை. 16ஆம் நூற்றாண்டில் டிரான்சில்வேனியாவின் சிபியூ நகரில் இருந்த கோன்ராட் ஹாஸ் தம் கையெழுத்துப் பிரதியில் பல அடுக்கு ராக்கெட்டை வரைந்து வைத்திருக்கிறார். 1949 பிப்ரவரி 24 அன்று அமெரிக்காவின் ஒயிட் சாண்ட்ஸ் தளத்தில் ஜெர்மானிய வி-2 ராக்கெட்டின் தலைமேல் சிறிய வேக் கார்ப்பரல் ராக்கெட்டை வைத்து ஏவினார்கள். மேல் ராக்கெட் ஏறத்தாழ 390 கிலோமீட்டர் உயரம் போனது. வி-2 தனியாக எட்டும் உயரத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு அது. நம் பக்கத்துக் கதையும் உண்டு. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து கிளம்பிய நைக்-அப்பாச்சி இரண்டடுக்கு ராக்கெட்தான். அதை ஒன்றுசேர்க்கும் பொறுப்பில் இருந்தவர் அப்துல் கலாம்.

மோட்டாரை வாங்குங்கள், செய்யாதீர்கள்

வீட்டில் கட்டுவது என்று இந்த நூலில் நான் சொல்வது குழாய், துடுப்பு, மூக்கு ஆகியவற்றை மட்டுமே. மோட்டார் அதில் சேராது. கடையில் வாங்கிய, தொழிற்சாலையில் அடைத்த, ஒருமுறை மட்டும் பயன்படும் மோட்டாரைத் தவிர வேறெதையும் இந்த ராக்கெட்டில் வைக்கக் கூடாது. பட்டாசு வாணத்தைப் பிரித்து மருந்தெடுப்பது, வேறு உறையில் அடைப்பது என்ற எண்ணமே வரக் கூடாது. இந்தப் பொழுதுபோக்கு உருவான காரணமே அதுதான். 1950களில் அமெரிக்கச் சிறுவர்கள் குழாய்களில் தாங்களே மருந்தை அடைத்துக் கை விரல்களையும் கண்களையும் இழந்துகொண்டிருந்தார்கள். நெப்ராஸ்கா மாநிலத்தில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் என்பவர் காகித உறைக்குள் அடைத்த, மாற்றிப் போடக்கூடிய மோட்டாரை உருவாக்கினார். ஏவுதளப் பாதுகாப்பை நன்கு அறிந்த ஹாரி ஸ்டைன் அதை உலகறியச் செய்தார். கொலராடோவின் வெர்ன் எஸ்டிஸ் அதை இயந்திரத்தில் ஒரே சீராக அடைக்கும் வழி கண்டார். மருந்தை நம் கையிலிருந்து எடுத்துவிட்டதுதான் இவர்கள் செய்த பெரிய உபகாரம்.

இந்த மோட்டார்கள் அமெரிக்காவில் பொழுதுபோக்குக் கடைகளில் கிடைக்கின்றன. இந்த அத்தியாயம் அங்கே வாங்கி அங்கேயே பறக்கவிடுகிற வாசகர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஊருக்கு வரும்போது பெட்டியில் நாலு மோட்டார் போட்டுக் கொண்டுவரலாமே என்று நினைக்காதீர்கள். பயணிகள் விமானத்தில் அவற்றுக்கு இடமில்லை.

மேலட்டையைப் படியுங்கள்

எஸ்டிஸ் மோட்டாரின் உறையில் பி6-0, ஏ8-5 என்பதுபோல அச்சிட்டிருக்கும். எழுத்து மொத்த விசைத்தாக்கத்தைச் சொல்கிறது. ஏ என்றால் 2.5 நியூட்டன்-விநாடி வரை, பி என்றால் 5 வரை, சி என்றால் 10 வரை. ஒவ்வொரு எழுத்துக்கும் உச்சவரம்பு இரட்டிக்கும். அடுத்து வரும் எண் சராசரி உந்துவிசை, நியூட்டனில். கடைசி எண்தான் இந்த அத்தியாயத்துக்கு உயிர். மருந்து எரிந்து முடிந்த பிறகு எத்தனை விநாடி கழித்து மேல்பக்கம் வெடிப்பு நிகழும் என்பதை அது சொல்கிறது. அந்த வெடிப்புதான் மூக்கைத் தள்ளி நாடாவையோ பாராசூட்டையோ வெளியே எறிகிறது.

கடைசி எண் 0 என்றால் தாமதமும் கிடையாது, வெளித்தள்ளும் மருந்தும் கிடையாது. மருந்து எரிந்தபடியே மேல்முனையை எட்டும்போது எஞ்சிய மெல்லிய மருந்துச் சுவர் உடைந்து, சூடான வாயுவும் எரியும் துகள்களும் மேல்நோக்கிப் பீறிடும். நேர் எதிரே மேல் மோட்டாரின் மூக்குத்துளை (வாயு வெளியேறும் அடித்துளை) இருந்தால் அதற்குள் புகுந்து அதைப் பற்றவைக்கும். மின்சாரமோ கடிகாரமோ தேவையில்லை. கறுப்பு வெடிமருந்து மோட்டார்களுக்கு மட்டுமே இந்த முறை பொருந்தும். கூட்டு எரிபொருள் மோட்டார்கள் இப்படிப் பற்றுவதில்லை. அவற்றுக்குத் தனி மின்னணுக் கருவி வேண்டும்.

நம் ராக்கெட்டுக்குக் கீழே பி6-0, மேலே ஏ8-5. இரண்டு மோட்டாரையும் உள்ளங்கையில் வைத்து மேல்முனைகளைப் பாருங்கள். பி6-0இன் தலைப்பக்கம் குழிவாக இருக்கும். உள்ளே மருந்தின் கரிய முகம் நேராகத் தெரியும். ஏ8-5இல் அந்த இடத்தை வெளிறிய களிமண் மூடியிருக்கும். உறையின் நிறமும் உதவும்: பூஸ்டர் எனப்படும் கீழ் அடுக்கு மோட்டாருக்குச் சிவப்பு, மேல் அடுக்கு மோட்டாருக்கு ஊதா, ஓரடுக்குக்குப் பச்சை. நிறத்தை மட்டும் நம்பாமல் எண்ணையும் வாய்விட்டுப் படியுங்கள். கூட வந்திருப்பவரையும் படிக்கச் சொல்லுங்கள். தவறுதலாகத் தாமதம் உள்ள மோட்டாரைக் கீழே வைத்துவிட்டால் என்ன ஆகும்? கீழ் மோட்டார் எரிந்து முடியும். ராக்கெட் புகைவிட்டபடி மேலேறித் தளர்ந்து, மூக்கைக் கவிழ்த்து இறங்கத் தொடங்கும். அப்போதுதான் வெடிப்பு நிகழ்ந்து மேல் மோட்டார் பற்றக்கூடும், தரையைப் பார்த்தபடி. இந்தப் பொழுதுபோக்கில் இதைவிட மோசமான தவறு எனக்குத் தெரிந்து இல்லை.

மோட்டாரைக் கோடையில் கார் டிக்கியில் போட்டு வைக்காதீர்கள். சூடும் குளிருமாக மாறி மாறிப் பட்டால் அழுத்தி அடைத்த மருந்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். விரிசல் விழுந்த மருந்து ஒரே நேரத்தில் பல முகங்களில் எரியும், உறை வெடிக்கும். சிமெண்ட் தரையில் கைதவறி விழுந்த மோட்டாருக்கும் இதே சந்தேகம் உண்டு. அதைத் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்துக் குப்பையில் போடுங்கள்.

கட்டுதல்

முதல் இரண்டடுக்குக்கு நான் பரிந்துரைப்பது மிக எளிய அமைப்பு. மோட்டார் 18 மில்லிமீட்டர் விட்டம், 70 மில்லிமீட்டர் நீளம். அது நேராக நுழையும் அளவுக்கு 18 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள காகிதக் குழாய்தான் உடல். கடையில் வாங்கலாம். அதே தடிமனுள்ள வழவழப்பான கம்பின்மேல் மெல்லிய கிராஃப்ட் தாளை வெள்ளைப் பசை தடவி மூன்று சுற்று சுற்றி நீங்களே செய்யவும் செய்யலாம். எரிந்து முடிந்த பழைய மோட்டார் உறை ஒன்றைக் கையில் வைத்திருங்கள். குழாய் சரியா என்று பார்க்க அதைவிட நல்ல அளவுகோல் இல்லை. உறை உள்ளே வழுக்கிக்கொண்டு போக வேண்டும், ஆட்டம் இருக்கக் கூடாது.

மேல் அடுக்குக்கு 30 சென்டிமீட்டர் குழாய், பூஸ்டருக்கு 7 சென்டிமீட்டர் குழாய். மேல் குழாயின் அடியிலிருந்து 64 மில்லிமீட்டர் உள்ளே ஒரு தடுப்பு வளையத்தைப் பசையிட்டு ஒட்டுங்கள். மோட்டார் அதில் முட்டி நிற்கும்போது அதன் அடிப்பகுதி 6 மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த 6 மில்லிமீட்டர்தான் இரண்டு அடுக்கையும் இணைக்கும் பகுதி. அதுவே பூஸ்டர் குழாயின் வாய்க்குள் நுழைகிறது. தனியாக இணைப்புக் குழாய் தேவையில்லை. பூஸ்டருக்குத் தடுப்பு வளையமும் வேண்டாம். கீழ் மோட்டார் மேல் மோட்டாரை நேராகத் தள்ளுகிறது, மேல் மோட்டார் வளையத்தைத் தள்ளுகிறது. விசை போகும் பாதை ஒரே நேர்க்கோடு. இந்த அமைப்பில் எனக்குப் பிடித்ததே இதுதான்.

துடுப்புகளுக்கு 2.4 மில்லிமீட்டர் பால்சா பலகை. மரத்தின் இழை துடுப்பின் முன்விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் வேகம் பிடித்ததும் துடுப்பு ஒடிந்துவிடும். அடுக்குக்கு மூன்று துடுப்பு. மேல் அடுக்கின் துடுப்பு குழாயில் ஒட்டும் பக்கம் 4.5 சென்டிமீட்டர், வெளிப்பக்கம் 3, நீட்டம் 3.5. பூஸ்டரில் அதே வரிசையில் 5.5, 4, 5. பூஸ்டரின் துடுப்பு பெரிதாக இருப்பது அழகுக்காக அல்ல, காரணம் அடுத்த பகுதியில் வருகிறது. பசையை மெல்லிதாகத் தடவி, காயவிட்டு, மறுபடி தடவி ஒட்டுங்கள். காய்ந்ததும் மூலையில் விரலால் ஒரு கோடு பசை இழுத்துவிடுங்கள். சாய்ந்த துடுப்பு ராக்கெட்டைச் சுழற்றும், கோணலாக்கும். பிய்த்தெடுத்துவிட்டு மறுபடி ஒட்டுவதற்குச் சோம்பல் படாதீர்கள்.

ஏவுகம்பி நுழையும் சிறு குழாய்களில் ஒன்றை மேல் அடுக்கிலும் ஒன்றைப் பூஸ்டரிலும் ஒரே நேர்கோட்டில் ஒட்டுங்கள். இறங்குவதற்குப் பாராசூட் வேண்டாம், நாடா போதும்: 5 சென்டிமீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் நீளமுள்ள பளிச்சென்ற ஆரஞ்சு நிற கிரேப் தாள். மூக்கோடும் உடலோடும் மீள்கயிற்றால் கட்டி, அதற்குக் கீழே தீப்பிடிக்காத தாளை இரண்டு மூன்று உருண்டையாக வையுங்கள். பூஸ்டருக்கு எதுவும் தேவையில்லை. குட்டையான அந்தத் துண்டு பிரிந்ததும் நிலைத்தன்மை இழந்து, குட்டிக்கரணம் போட்டபடி மெதுவாகவே விழும்.

இரண்டு ராக்கெட், இரண்டு சோதனை

ராக்கெட்டின் ஈர்ப்பு மையம், காற்றின் அழுத்த மையத்துக்கு முன்னால், குறைந்தது ஒரு குழாய் விட்டமாவது தள்ளி இருக்க வேண்டும் என்ற விதி உங்களுக்குத் தெரியும். இங்கே அதை இரண்டு தடவை பார்க்க வேண்டும். கிளம்பும்போது அது 44 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு ராக்கெட். பூஸ்டர் கழன்றபின் அது 37 சென்டிமீட்டரில் வேறொரு ராக்கெட். இரண்டும் தனித்தனியே நிலையாகப் பறக்க வேண்டும்.

சிக்கல் முதல் ராக்கெட்டில்தான். கனமான இரண்டு மோட்டாரும் வாலில் உட்கார்ந்திருப்பதால் ஈர்ப்பு மையம் பின்னால் இழுபடுகிறது. அழுத்த மையத்தை அதைவிடப் பின்னால் இழுக்கத்தான் பூஸ்டருக்குப் பெரிய துடுப்பு. மேலே கொடுத்த அளவுகளில், 7 சென்டிமீட்டர் மூக்கோடு கணக்கிட்டால், முழு அடுக்கின் ஈர்ப்பு மையம் மூக்கு நுனியிலிருந்து 33 சென்டிமீட்டர் அருகே வரும், அழுத்த மையம் 37.5 அருகே. இடைவெளி இரண்டு விட்டத்துக்குமேல். மேல் அடுக்கு தனியாக இருக்கும்போது 27, 32. உங்கள் பசையும் மரமும் என்னுடையவை அல்ல. அதனால் மோட்டார்களைப் போட்டு, நாடாவைச் சுருட்டி வைத்து, ராக்கெட்டை விரல்மேல் சமநிலையில் நிறுத்திப் பாருங்கள். 33க்குப் பதிலாக 36 வந்தால் மூக்கில் கொஞ்சம் களிமண் சேருங்கள். அழுத்த மையத்தைக் கணக்கிட ஜேம்ஸ் பாரோமன் 1966இல் எளிய சமன்பாடுகளைக் கொடுத்தார். இப்போது ஓப்பன்ராக்கெட் என்ற இலவச மென்பொருள் அதைத் திரையிலேயே செய்துவிடுகிறது. கணினி இல்லாதவர்கள் ஈர்ப்பு மையத்தில் நூல் கட்டித் தலைக்குமேல் சுழற்றிப் பாருங்கள். மூக்கு முன்னோக்கிப் போனால் சரி. இரண்டு ராக்கெட்டையும் சுழற்ற வேண்டும்.

எடை மொத்தம் 65 கிராமுக்குள் வரும். பி6 தரும் சராசரி 6 நியூட்டன் விசை அந்த எடையைப் போல ஒன்பது மடங்கு. ஐந்து மடங்குக்குக் கீழே இறங்கினால் ராக்கெட் கம்பியை விட்டுத் தயங்கித் தயங்கிக் கிளம்பும். தயங்கும் ராக்கெட்டைக் காற்று தன் பக்கம் திருப்பும். வண்ணப்பூச்சு, ஸ்டிக்கர், கேமரா என்று கனம் ஏற்றுகிறவர்கள் இதை நினைவில் வைக்கவும்.

சேர்த்தல்

இதை மைதானத்தில், ஏவப்போகும் நேரத்தில் செய்யுங்கள். ஏ8-5இன் மூக்குத்துளைப் பக்கமும் பி6-0இன் கரிய தலைப்பக்கமும் ஒன்றையொன்று முட்டும்படி வையுங்கள். இடைவெளி கூடாது. இரண்டையும் சேர்த்துச் சாதாரண செல்லோ டேப்பை ஒரே ஒரு சுற்று இறுக்கமாகச் சுற்றுங்கள். ஏன் டேப்? கீழ் மோட்டாரின் தலை உடையும்போது வரும் அழுத்தம், மேல் மோட்டார் பற்றும் முன்பே இரண்டையும் பிய்த்தெறியப் பார்க்கும். டேப் அதற்கு ஒரு கணம் தடை போடுகிறது. மேல் மோட்டார் சீறத் தொடங்கியதும் அந்தச் சூட்டில் கருகி விட்டுவிடுகிறது. துணி டேப், இரண்டு மூன்று சுற்று என்று பலப்படுத்தினால் பூஸ்டர் கழலாது.

மேல் மோட்டாரின் உறைமேல் மாஸ்கிங் டேப் ஒரு பட்டை ஒட்டி, மேல் குழாய்க்குள் அழுத்தி நுழையுங்கள். விரலால் இழுத்தால் வராத இறுக்கம் வேண்டும். இல்லையென்றால் வெளித்தள்ளும் வெடிப்பில் மூக்குக்குப் பதில் மோட்டார் பின்னால் போய்விழும். பிறகு பூஸ்டர் குழாயைக் கீழிருந்து மோட்டார்மேல் ஏற்றுங்கள். பூஸ்டர் மோட்டாருக்கும் மாஸ்கிங் டேப் இறுக்கம் தேவை. ஆனால் மேல் மோட்டாரின் நீட்டிய பகுதி பூஸ்டர் வாயில் வழுக்கலாகவே உட்கார வேண்டும். துடுப்புகள் நேர்கோட்டில் நிற்கட்டும்.

பற்றவைக்கும் கம்பி கீழ் மோட்டாருக்கு மட்டும்தான். அதையும் ராக்கெட் ஏவுகம்பியில் ஏறிய பிறகே செருகுங்கள். மேல் மோட்டாரின் துளையில் எதையும் செருகக் கூடாது.

மைதானம்

அமெரிக்க தேசிய ராக்கெட்ரி சங்கத்தின் பாதுகாப்பு விதி, ராக்கெட்டில் உள்ள எல்லா மோட்டார்களின் மொத்தத்தையும் கூட்டித்தான் மைதானத்தின் அளவைச் சொல்கிறது. பி, ஏ இரண்டும் சேர்ந்தால் 7.5 நியூட்டன்-விநாடிக்கு மிகாது, அதாவது சி வகுப்பு. அதற்கு மைதானத்தின் குறுகிய பக்கம் 400 அடி, ஏறத்தாழ 120 மீட்டர் வேண்டும். இது குறைந்தபட்சம். இந்த ராக்கெட் நல்ல நாளில் 250 முதல் 300 மீட்டர் உயரம் தொடும். நாடா விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் இறங்கினால் தரை சேர 40 விநாடி. விநாடிக்கு 3 மீட்டர் காற்று அடித்தால் 120 மீட்டர் தள்ளி விழும். பாராசூட் கட்டியிருந்தால் அதைப் போல இரண்டு மடங்கு. நாடா போதும் என்றது இதனால்தான்.

விதி காற்றுக்கு அனுமதிக்கும் உச்சம் மணிக்கு 32 கிலோமீட்டர். இரண்டடுக்குக்கு அதை நான் ஏற்பதில்லை. மணிக்கு 10 கிலோமீட்டருக்குமேல் காற்று இருந்தால் பெட்டியை மூடிவிட்டு ஓரடுக்கைப் பறக்கவிடுங்கள். நிலையான ராக்கெட் எப்போதும் காற்று வரும் திசைக்கு மூக்கைத் திருப்பும். ஓரடுக்கில் அதனால் கொஞ்சம் உயரம் குறையும், அவ்வளவுதான். இரண்டடுக்கிலோ சாய்ந்த அந்தக் கோணத்தில் இரண்டாவது மோட்டார் பற்றி, ராக்கெட்டைக் கிடையாக ஓட்டிச் சென்றுவிடும். பி6-0ஐப் பரிந்துரைப்பதும் இதற்காகத்தான். அது முக்கால் விநாடிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் எரிகிறது, காற்று திருப்புவதற்குள் பிரிவு முடிந்துவிடும். சி6-0 அதைப் போல இரண்டு மடங்கு நேரம் எரியும். ஏவுகம்பி 90 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, 1.2 மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது.

கம்பியைச் சுற்றிக் காய்ந்த புல் இருக்கக் கூடாது. பூஸ்டர் சுடச்சுட அருகிலேயே விழும் என்பதால் ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். டி வகுப்புக்கு உட்பட்ட ராக்கெட்டுக்கு விதி கேட்கும் தூரம் 15 அடி. இரண்டடுக்கின் முதல் ஏவலுக்கு 10 மீட்டர் தள்ளி நில்லுங்கள். குழந்தைகள் இன்னும் பின்னால், எல்லோரும் எழுந்து நின்று வானத்தைப் பார்த்தபடி. உட்கார்ந்திருப்பவரால் விலகி ஓட முடியாது. ஒருவர் பூஸ்டரை மட்டும் பார்க்க வேண்டும், இன்னொருவர் மேல் அடுக்கை மட்டும். இருவரும் மேல் அடுக்கையே பார்த்தால் பூஸ்டர் புல்லுக்குள் போய்விடும்.

ஏவுதலும் அதற்குப் பிறகும்

பாதுகாப்புச் சாவியைப் போடுங்கள், உரக்க ஐந்திலிருந்து எண்ணுங்கள், பொத்தானை அழுத்துங்கள். பற்றவில்லையா? சாவியை எடுத்துவிட்டு 60 விநாடி காத்திருங்கள். அதன் பிறகே அருகில் போகலாம்.

சரியாக நடந்தால் ஒரு சீறல், உடனே நடுவில் வெட்டினாற்போல் இன்னொரு சீறல் கேட்கும். தலைக்குமேல் ஏறத்தாழ 25 மீட்டரில் பூஸ்டர் உதிர்ந்து சுழலும். கண் அதற்குப் போவதற்குள் மேல் அடுக்கு புள்ளியாகியிருக்கும். வெண்புகை வால் மட்டும் தெரியும். ஐந்து விநாடி கழித்து ஆரஞ்சு நாடா.

மேல் மோட்டார் பற்றாமல் போவதும் உண்டு. அப்போது நாடா வெளிவராது. ராக்கெட் மூக்கு முன்னாக அம்புபோல இறங்கும். பிரிந்த பின் இரண்டாவது சீறல் கேட்கவில்லை என்றால் அந்தக் கணமே “தலைக்கு மேலே!” என்று கத்துங்கள். விழுந்த பிறகு ஒரு நிமிடம் பொறுத்து எடுங்கள். அந்த மோட்டாரை மறுபடி பயன்படுத்த வேண்டாம், தண்ணீரில் போடுங்கள். காரணம் பெரும்பாலும் மோட்டார்களுக்கு நடுவே இடைவெளி விழுந்ததாகவோ டேப் தளர்ந்ததாகவோதான் இருக்கும். பூஸ்டரின் உள்வாயைப் பாருங்கள்: கரி ஒரு பக்கமாகப் படிந்திருந்தால் மோட்டார்கள் கோணலாக முட்டியிருக்கின்றன.

மேல் அடுக்கும் பூஸ்டரும் கைக்கு வந்ததும் துடுப்பு மூலைகளை விரலால் அழுத்திப் பாருங்கள். பசையில் விரிசல் இருந்தால் அன்றைக்கு அது மறுபடி பறக்கக் கூடாது.

இந்த இணை பலமுறை பிசகின்றி ஏறி இறங்கிய பிறகு மேலே பி6-6 போடலாம். சி6-0, சி6-7 இணையின் மொத்தம் டி வகுப்பில் வருகிறது. அதற்கு 500 அடி மைதானம் வேண்டும், ராக்கெட் கண்ணுக்குத் தெரியாத உயரம் போகும். கனமான மோட்டார் போடும் ஒவ்வொரு தடவையும் ஈர்ப்பு மையத்தை மறுபடி அளந்து பாருங்கள். உங்கள் மைதானம் 400 அடிதான் என்றால் பி, ஏ இணையோடு நின்றுகொள்ளுங்கள்.